புகைபோக்கி நின்ற இடம்

"நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க..."

"நீ என்னத்தச் சொல்லி முடிப்பே? எட்டு மாசமா அதே பாட்டுதான்..."

"வெள்ளிக்கிழமையோட கம்பெனிக்காரங்க அளக்கறது முடியுது அண்ணி. அதுக்கப்புறம் நீங்க வாயத் திறந்தாலும் ஒண்ணுதான், மூடினாலும் ஒண்ணுதான்."

"அப்ப மூடிக்கிட்டே இருக்கேன். உனக்கும் சிரமம் மிச்சம்."

பின்பக்கக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்ணி மீன் செதில் உரசிக்கொண்டிருந்தாள். நாத்தனார் வேலையிலிருந்து நேராக வந்தவள். முழங்கால்வரை ஏறிய ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றாள். சிமெண்டுத் தரை கொதித்தது. செதில்கள் அண்ணியின் முழங்கையில் ஒட்டி, காய்ந்து, அவள் கையை ஆட்டும்போதெல்லாம் மினுங்கின. மதிலின் மேல் பூனை ஒன்று, இந்தச் சண்டை எப்போது முடியும் என்பதுபோல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அண்ணிக்கு ஐம்பத்தைந்து இருக்கும். நாத்தனார் பத்து வயது இளையவள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். அண்ணன்தான் இல்லை.

தெருவில் அண்ணியைக் கயிற்றுக்காரி என்பார்கள். சிமெண்டுக் கம்பெனி வருவதற்கு முன்பும், கடல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு முன்பும் அந்தக் கரையில் இருந்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள். ஆண்கள் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுப்பார்கள். இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் உட்கார்ந்து பிடித்திருப்பது பெண்டாட்டியின் வேலை. கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் நன்றாயிருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு இழுப்பு வந்தால் தூக்கு. கயிற்றுக்காரி பதினெட்டு வருஷம் புருஷனின் கயிற்றைப் பிடித்தாள். அவன் மூச்சு எத்தனை எண்ணிக்கைக்குத் தாங்கும் என்பது அவனைவிட அவளுக்குத்தான் தெரியும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஒரு இழுப்பு வந்தது. நன்றாயிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் எண்ணிக்கொண்டே இருந்து, எண்ணிக்கை தாண்டியதும் இழுத்தாள். கயிறு லேசாக வந்தது. நுனியில் போட்ட சுருக்கு போட்டபடியே இருந்தது. நாலு நாள் ஊரே தேடியது. ஆள் கிடைக்கவில்லை.

செத்துப்போனார் என்ற சொல் அவள் வாயிலிருந்து இன்றுவரை வந்ததில்லை. அன்னைக்கு இறங்கினவர் என்பாள். மாதம் ஒருமுறை, கடல் சும்மா கிடக்கிற காலையாகப் பார்த்து, தனியாகப் படகை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போவாள். நங்கூரக் கல்லைப் போடுவாள். பிறகு அந்தக் கயிற்றை இறக்கி, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெயில் உச்சிக்கு ஏறியதும் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவாள். தூண்டில் போடப் போகிறாள் என்று தெரு நினைத்தது. நாத்தனாருக்கு மட்டும் தெரியும். ஆனால் இடம் எதுவென்று அவளுக்கும் தெரியாது.

இப்போது அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

நாத்தனாருக்கு வேலை ஆராய்ச்சி நிலையத்துத் தொட்டிக் கொட்டகையில். பவளத்தைச் சுண்டுவிரல் நீளத் துண்டாக உடைத்து, சிமெண்டு வில்லையில் ஒட்டி, ஓடுகிற கடல்நீரில் வைத்து, பாசி படியாமல் பல் துலக்கும் பிரஷால் துடைக்க வேண்டும். வில்லையை வார்த்துக் கொடுப்பது கம்பெனி. கம்பெனிப் பட்டறையில் பற்றவைத்த இரும்புச் சட்டங்களைக் கடலடியில் இறக்கி, வளர்ந்த வில்லைகளைக் கட்டிவிட்டு வருவது தெருக்காரர்கள். கொட்டகையை நடத்துகிறவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். அவள் யாருக்கும் ஊசி போட்டதில்லை. ஆனாலும் முதல் வருஷம் இரண்டு பேர் காய்ச்சலோடு போய் நின்று, தொட்டியையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

இந்த மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார இரண்டு வருஷம் ஆனது. தெருவின் பக்கம் எழுந்து நின்று அதிகம் பேசியது கயிற்றுக்காரிதான். சுடுதண்ணீரைக் கடலில் விடக்கூடாது. பழைய சூளையை மூடி அதன் புகைபோக்கியை இடிக்க வேண்டும். உயிரோடு இருக்கிற பவளத்திட்டு எங்கே தென்பட்டாலும் அங்கே எந்தப் படகும் போகக்கூடாது. புதிதாகத் தோண்டப்போகிற கப்பல் வழியில் அது இருந்தால் வழியை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். எல்லாம் எழுத்தில் ஏறியது. எங்க பக்கத்து ஆளுக்கு மட்டும் விலக்கு வேணும் என்று யாரோ இழுத்தபோது, ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விட்டதுதான் என்று அடித்துப் பேசியவளும் அவள்தான்.

அப்புறம் அந்தக் கோடை வந்தது. கடல் குளிக்கிற வெந்நீர் மாதிரி ஆனது. சட்டத்தில் கட்டியதும் தானாக வளர்ந்ததும் எல்லாம் ஒரே மாதத்தில் வெளுத்துச் செத்தன. தொட்டிக் கொட்டகையில் பிரஷ் போட ஒன்றுமில்லாமல் நாத்தனார் தொட்டிகளையே கழுவிக்கொண்டிருந்தாள். அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள், கடலிலிருந்து அப்போதுதான் திரும்பிய அண்ணியின் படகைக் கழுவப் போனவள், நங்கூரக் கல்லின் கயிற்று முடிச்சில் சிக்கிய ஒரு கிளையைப் பார்த்தாள். பழுப்பு நிறம். நுனியில் இளநீலம். உயிர் இருந்தது. வாளித் தண்ணீரில் போட்டு நிலையத்துக்கு ஓடினாள். அவ்வளவு சூட்டையும் தாங்கிய பவளம் எங்கோ ஒரு திட்டில் இருக்கிறது, அதிலிருந்து எடுத்து வளர்த்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கலாம் என்றாள் டாக்டரம்மா. அந்தத் திட்டு எங்கே என்று கேட்டால் அண்ணி வாய் திறக்கவில்லை. இப்போது கம்பெனியின் கப்பல் வழி அண்ணியின் படகு வழக்கமாகப் போகிற திசையில்தான் வருகிறது. வெள்ளிக்கிழமைக்குள் காட்டாவிட்டால் தோண்டிவிடுவார்கள்.

"ஏன் சொல்ல மாட்டேங்கறீங்கன்னு எனக்குத் தெரியாதா?" நாத்தனாரின் குரல் இறங்கியது. அவள் குரல் இறங்கினால்தான் பயம். "சொல்லிட்டா அங்க படகு போகக்கூடாது. உங்க படகும் போகக்கூடாது. அதுக்காக அந்த இடமே தோண்டுபட்டுப் போனாலும் உங்களுக்குப் பரவாயில்ல. எங்க அண்ணன் மேல மண்ணள்ளற மிஷின் போனாலும் பரவாயில்ல. உங்களுக்கு மட்டும்தான் அவரு வேணுமா? எனக்குக் கூடப் பிறந்தவரு இல்லையா?"

கத்தி நின்றது. அண்ணி மீனைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கத்தில் செதிலே இல்லை. ஏற்கெனவே உரசிய பக்கம்தான். அதையே மறுபடி உரசினாள்.

"எங்கன்னு தெரிஞ்சாத்தானேடி சொல்றதுக்கு."

நாத்தனாருக்குப் புரியவில்லை.

"எட்டு மாசமா நான் அங்க போகல. போகத் தெரியல. புகைபோக்கி இல்ல."

அப்புறம் அவள் விட்டு விட்டுச் சொன்னதெல்லாம் இதுதான். கடலில் ஒரு இடத்துக்குத் திரும்பப் போக இரண்டு பார்வை வேண்டும். மலையின் நடுப்பள்ளம் கலங்கரை விளக்கத்துக்கு நேர் பின்னால் வர வேண்டும், அது ஒன்று. கம்பெனிப் புகைபோக்கியின் நுனி ஊர்த் தண்ணீர்த்தொட்டியின் வலது தோளில் வந்து உட்கார வேண்டும்; அது இன்னொன்று. இரண்டும் கூடுகிற இடத்துக்கு அடியில் அந்தத் திட்டு. ஒரு பார்வை போய்விட்டால் கோடு மட்டும்தான் மிச்சம். அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் போய் நிற்பது? எட்டு மாதமாக அவள் மலையையும் விளக்கையும் ஒன்றாக்கி வைத்துக்கொண்டு கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறாள். கல்லை இறக்கினால் சேறுதான் ஒட்டிக்கொண்டு வந்தது. எங்காவது ஒரு இடத்தில் கயிற்றை இறக்கி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அது வேறு யாரோ வீட்டு வாசலில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். எழுந்து வந்துவிட்டாள்.

"இடிக்கணும்னு மொதல்ல கை தூக்கினவ நான்தான். துணி காயப்போட்டா கரி, குழந்தைங்களுக்கு இருமல். புகையைத்தான் பார்த்தேன். அது அவருகிட்டப் போற வழின்னு எனக்கு ஒரு நிமிஷம் தோணலையேடி. சாஞ்சு விழுந்தப்ப எல்லாரோடயும் சேர்ந்து நானும் கை தட்டினேன். அடுத்த மாசம் படகை எடுத்துட்டுப் போய், தலையை நிமிர்த்திப் பார்க்கறேன், அங்க வெறும் வானம்."

"என்கிட்டச் சொல்லக் கூடாதா அண்ணி?"

"என்னன்னு சொல்றது? வழி தொலைச்சுட்டேன்னா? பதினெட்டு வருஷம் கயிறு பிடிச்சவன்னு ஊர் முழுக்கப் பேரு."

நாத்தனார் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். எதிரில் உட்கார்ந்து கத்தியை வாங்கி மிச்ச மீனை அவளே கழுவினாள். குடலைப் பூனைக்கு எறிந்தாள். அன்று மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தட்டிலிருந்து சோறு தின்றார்கள். மீனில் உப்புப் போடவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை.

நாத்தனார் போய் விஷயத்தைச் சொல்ல, மறுநாள் டாக்டரம்மா வந்தாள். கூடவே கம்பெனியின் சர்வேயரையும் அழைத்து வந்தாள். வெயிலில் கறுத்த, கழுத்தில் துண்டு போட்ட மனிதர். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரை ஆறவிட்டுக்கொண்டே, ஜிபிஎஸ்ஸில் குறித்து வைக்கவில்லையா என்று கேட்டார்.

"எங்க வீட்டு அடுப்பு எங்க இருக்குன்னு எழுதி வச்சுக்கிட்டா நான் சமைக்கறேன்?" என்றாள் கயிற்றுக்காரி.

அவர் சிரித்துவிட்டார். பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் புகைபோக்கியை இறக்கினவனே நான்தாம்மா" என்றார். எத்தனை மீட்டர், அஸ்திவாரத்தின் நடு எங்கே, எல்லாம் தன் புத்தகத்தில் இருக்கிறது என்றார். நின்ற இடமும் உயரமும் தெரிந்தால் காகிதத்திலேயே கோடு போட்டுப் பார்க்கலாமே என்று டாக்டரம்மா கேட்டாள். தண்ணீர்த்தொட்டியின் தோள் என்பது காகிதத்தில் எது என்று சர்வேயர் திருப்பிக் கேட்டார். தோள் என்றால் விளிம்பா, விளிம்புக்கு உள்ளேயா? கயிற்றுக்காரி எழுந்து, தன் தோள்மேலேயே விரலை வைத்துக் காட்டினாள். கழுத்துப் பக்கம் இல்லை, கை இறங்குகிற பக்கமும் இல்லை, இங்கே. இதைக் காகிதத்தில் வைத்தால் கடலில் முந்நூறு மீட்டர் தள்ளிப்போகும் என்றார் அவர்.

அவர் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"உங்களுக்கு முழுசும் வேணுமா, நுனி மட்டும் போதுமா?"

"நுனி போதும்."

"பெரிய கிரேன் ஒண்ணு அங்கதான் நிக்குது, கம்பெனிக்குப் புதுக் கொட்டகை கட்டறதுக்கு. புகைபோக்கி நின்ன எடத்துலயே நிறுத்தி, அதே உயரத்துக்குக் கையைத் தூக்கித் தரேன். காத்து ஏறுச்சுன்னா உடனே இறக்கிடணும், அது சட்டம். காலையில ஆறு மணியிலேருந்து எவ்வளவு நேரம் கிடைக்குதோ அவ்வளவு நேரம்."

தோண்டப்போகிற கம்பெனியின் ஆளே இதைச் சொல்கிறாரே என்று நாத்தனார் பிறகு ஆச்சரியப்பட்டாள். வழி எங்கே போனாலும் அவருக்கு அளக்கிற வேலை அளக்கிற வேலைதானே என்றாள் அண்ணி. ஆனாலும் நல்ல மனுஷன் என்று சேர்த்துக்கொண்டாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா அண்ணியைத் தனியாக அழைத்து இரண்டு விஷயம் சொன்னாள். இடம் தெரிந்துவிட்டால் மிதவை கட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு அவளுடைய படகும் அங்கே வர முடியாது. அந்தக் கிளை உடைந்தது நங்கூரக் கல் பட்டுத்தான். மாதம் ஒரு கல் என்றால் ஒன்பது வருஷத்தில் கீழே எவ்வளவு உடைந்திருக்கும் என்று தெரியாது. மறைத்து வைத்துக் கூட்டிப்போக மனசு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன் என்றாள். அண்ணி தலையாட்டினாள். அவர்கள் போனபின் படகுக்குப் போய் நங்கூரக் கல்லை அவிழ்த்து எடுத்துவந்து பின்கட்டில் போட்டாள். துணி துவைக்க ஆகும் என்றாள்.

வியாழக்கிழமை விடிந்தபோது கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. படகில் மூன்று பெண்கள். அண்ணி பின்னால் சுக்கானில், டாக்டரம்மா நடுவில் கடலுக்குள் மூச்சுவிடத் தன் காற்றுருளையோடு, நாத்தனார் முன்னால் கையில் வாக்கிடாக்கியோடு. மலைப்பள்ளமும் விளக்கும் சேர்ந்ததும் அண்ணி கோட்டைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. கழுத்தைத் திருப்பிக் கம்பெனிப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள்.

முதலில் ஒன்றும் இல்லை. கட்டடங்களின் நடுவே மஞ்சளாக ஒரு கை மெல்ல எழுந்தது. எழுந்து, நின்று, இன்னும் கொஞ்சம் எழுந்தது. சர்வேயர் நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொல்லியிருந்தார். "சரியா இருக்கான்னு கேளுங்க" என்று வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது. இன்னும் ஒரு சாண் என்றாள் அண்ணி. எழுபது மீட்டர் கிரேனுக்கு ஒரு சாண் என்பதை எப்படிச் சொல்வது என்று நாத்தனார் விழித்தாள். சொன்னாள். அங்கேயும் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. கை கொஞ்சம் உயர்ந்தது.

படகு நகர நகரச் சிவப்புத் துணி தண்ணீர்த்தொட்டியை நோக்கி நடந்து வந்தது. விளிம்பைத் தொட்டது. ஏறியது. அண்ணி மோட்டாரை அணைத்தாள்.

கல் இல்லை. துடுப்பை நீரில் நட்டு, அதன் தலைப்பில் காதை வைத்துக் குனிந்தாள். உயிருள்ள பவளத்தின் மேல் படகு நின்றால் துடுப்பின் வழியாகச் சத்தம் ஏறும். சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி. செத்த பவளத்தில் அது இருக்காது. டாக்டரம்மா அவசரமாகத் தண்ணீருக்குள் இறக்குகிற மைக்கை எடுத்து, ஒயரைப் பிரித்து, காதில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அது இருக்கட்டும்மா" என்றாள் அண்ணி, காதை எடுக்காமல். "இருக்கு. நல்லாப் பேசுது."

டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். காதில் மாட்டியதைக் கழற்றி நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் வெகுநேரம் கேட்டாள்.

டாக்டரம்மா காற்றுருளையை முதுகில் கட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தபோது, கயிறு இல்லாமல் தன் படகிலிருந்து யாரும் இறங்குவதில்லை என்று அண்ணி சொன்னாள். தேவையில்லை, முதுகில் ஒரு மணி நேரத்துக்குக் காற்று இருக்கிறது என்று டாக்டரம்மா சொல்ல வாயெடுத்தாள். அண்ணி அதற்குள் அந்தப் பழைய கயிற்றை அவள் இடுப்பில் சுற்றிச் சுருக்குப் போட்டுவிட்டாள். ஒரு தடவை இழுத்தால் நன்றாயிருக்கிறேன், இரண்டு தடவை என்றால் தூக்கு. டாக்டரம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். இறங்கினாள்.

கயிறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. அண்ணியின் உதடு அசைவதை நாத்தனார் பார்த்தாள். எண்ணிக்கொண்டிருந்தாள். காற்றுருளையோடு போனவளுக்கு எண்ணிக்கை எதற்கு என்று நாத்தனார் கேட்கவில்லை.

ஒரு இழுப்பு வந்தது.

அண்ணியின் கை கயிற்றின் மேல் இறுகியது. முகம் அப்படியே இருந்தது. நாத்தனார்தான் பார்க்க முடியாமல் கரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவப்புத் துணி லேசாக ஆடத் தொடங்கியிருந்தது.

அரைமணி நேரம் போலக் கழித்து இரண்டு இழுப்பு வந்தது. தானே நீந்தி மேலே வரத் தெரிந்தவள்தான் டாக்டரம்மா. ஆனாலும் அண்ணி கையை மாற்றி மாற்றி இழுக்க, இழுத்த வேகத்துக்கே வந்தாள். படகைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குழாயைத் துப்பிவிட்டு, இரண்டு வீடு அளவுக்கு இருக்கிறது என்றாள். விளிம்பெல்லாம் புதுக் கிளை. நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் நொறுங்கிக் கிடக்கிறது. அதுவும் ஓரத்திலிருந்து வளர்ந்து மூடிக்கொண்டு வருகிறது. எட்டு மாதமாக யாரும் கல் போடவில்லை இல்லையா, அதனால் என்றாள். அதற்குமேல் அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கு டாக்டரம்மாவும் பதில் சொல்லவில்லை.

ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து டாக்டரம்மா இடத்தின் எண்களைப் படிக்க, நாத்தனார் பலகையில் எழுதி, வாக்கிடாக்கியில் சர்வேயருக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். சரி என்றார். வழி இனி இந்தப் பக்கம் வராது, மேற்கே ஒதுங்கிவிடும், இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றார். அவ்வளவுதான். எட்டு மாதச் சண்டை பதினாலு எண்ணில் முடிந்துவிட்டது. டாக்டரம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி சிரித்தாள். நாத்தனார், டாக்டரம்மா கீழேயிருந்து கொண்டுவந்து வாளித் தண்ணீரில் போட்ட ஆறு சின்னக் கிளைகளை எண்ணிப் பார்த்தாள்.

அண்ணி கயிற்றைச் சுருட்டவில்லை. டாக்டரம்மாவின் இடுப்பிலிருந்து அவிழ்த்த முனையை மறுபடி நீரில் விட்டிருந்தாள். படகு மெல்ல நழுவியது. துடுப்பை ஒரு தடவை வலித்து, துணியைத் தொட்டியின் தோளுக்குக் கொண்டுவந்தாள். மறுபடி நழுவியது. மறுபடி கொண்டுவந்தாள். மாதக்கணக்காகத் தேடிய இடத்தில், கல் போடாமல், துடுப்பாலேயே படகை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீரில் சுருக்கம் விழ ஆரம்பித்தது. கிழக்கேயிருந்து காற்று.

வாக்கிடாக்கி கரகரத்தது. காற்று ஏறுகிறது, வேலை முடிந்துவிட்டதல்லவா, கையை இறக்கப்போகிறோம் என்றார் சர்வேயர். நாத்தனார் கருவியை வாயருகே கொண்டுபோனாள். அண்ணியைப் பார்த்தாள்.

அண்ணி கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் துடுப்பு, ஒரு கையில் கயிறு.

"கொஞ்ச நேரம் அதைத் தூக்கியே வச்சிருக்கச் சொல்லேன்டி."